சண்டிகர் நாற்காலிக்கு அசல் எது?

சண்டிகர் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து, பிரம்பு கிழிந்து, கழித்துக்கட்டப்பட்டு, மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் கிடந்த தேக்கு நாற்காலி ஒன்று பாரிஸ் போய்ச் சேர்கிறது. அங்கே மெருகேறி, நியூயார்க்கிலோ லண்டனிலோ ஏலத்துக்கு வந்து, சில லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது. அதே அலுவலகத்து நூலக மேசை என்றால் விலை பல மடங்கு. செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக இந்தக் கதையை எழுதிவருகின்றன. நம் சொத்து வெளிநாடு போகிறதே என்கிற ஆதங்கம்தான் பெரும்பாலும் தலைப்பு. ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால், இதே நாற்காலியின் பிரதி இன்று இந்தியப் பட்டறைகளில் செய்யப்பட்டு, பத்து, இருபதாயிரம் ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து இறங்குகிறது. ‘மிட் சென்சுரி மாடர்ன்’ என்று கடைக்காரர்கள் ஒட்டிவிற்கும் 1950களின் பாணி இப்போது நம் அடுக்குமாடி வரவேற்பறைகளையும் பிடித்துக்கொண்டுவிட்டது. லட்சங்கள் கொடுத்து வாங்குபவர் ‘ஒரிஜினல்’ வைத்திருப்பதாகப் பெருமைப்படுகிறார். இருபதாயிரம் கொடுத்தவர், ‘சும்மா காப்பிதான்’ என்று கூச்சத்தோடு சொல்கிறார். இந்தக் கூச்சம் தேவையா என்பதுதான் என் கேள்வி.

நாற்காலியைக் கிட்டத்தில் பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு ஜோடி கால்கள், விரித்து நிறுத்திய கவராயம்போல. இரண்டும் மேலே சேருமிடத்தில் கைப்பலகை உட்கார்ந்திருக்கும். இருக்கையிலும் முதுகிலும் பிரம்புப் பின்னல். சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் பிரம்பை நுழைத்து இழுத்துக் கையால் பின்னியது. கால் நுனிகள் தரை கழுவும் தண்ணீரில் ஊறிக் கறுத்திருக்கும். கைப்பலகையின் முனை, பல எழுத்தர்களின் உள்ளங்கை பட்டுப்பட்டு வழுவழுவென்று இருக்கும். முதுகுச் சட்டத்தின் பின்னால், தகட்டில் வெட்டிய எழுத்தை வைத்துப் பெயின்ட் பூசிய குறி: எந்தத் துறை, எத்தனையாவது உருப்படி என்று. உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், கலைக் கல்லூரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம் உண்டு. அலுவலக இருப்புப் பதிவேட்டுக்காக யாரோ ஒரு கடைநிலை ஊழியர் அடித்துவைத்த அந்தப் பெயின்ட் எழுத்தைத்தான் இன்று ஏலக்காரர் முதலில் கவிழ்த்துப் பார்க்கிறார்.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் வேண்டியிருந்தது. முதலில் திட்டம் வகுத்தவர்கள் அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரும் போலந்துக்காரர் மாத்யூ நோவிட்ஸ்கியும். 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோக, 1951இல் லெ கொர்புசியே வந்தார். அவருடன் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னெரே, ஆங்கிலேயத் தம்பதி மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ. கொர்புசியே ஆண்டுக்கு இருமுறை வந்துபோகிற பெரிய மனிதர். அங்கேயே குடியிருந்து ஊரைக் கட்டியவர் ஜான்னெரே. 1965 வரை இருந்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது.

கட்டடம் எழும்பினால் போதுமா? உள்ளே உட்கார ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டும், மேசை வேண்டும், கோப்பு அடுக்கும் அலமாரி வேண்டும். இரும்புக் குழாயும் ஃபோமும் அரிதாகக் கிடைத்த காலம். தேக்கும் ஷீஷமும் பிரம்பும் தச்சர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். ஜான்னெரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அளவுகளோடு வரைந்து கொடுத்தார்கள்; ஒப்பந்தக்காரர்கள் மூலம் பல சிறு பட்டறைகள் செய்து கொடுத்தன. கையில் வரைபடம் ஒன்றாக இருந்தாலும் பட்டறைக்குப் பட்டறை கைப்பலகையின் வளைவு மாறும், காலின் தடிமன் மாறும். எந்தத் தச்சரும் தன் பெயரைப் பொறிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இன்று ஏலப் பட்டியல்களில் ‘பிஜே’ என்று தொடங்கி மிடுக்காக வரும் மாதிரி எண்கள் பிற்காலத்தில் பிரெஞ்சு வணிகர்கள் சூட்டியவை. செய்தவர்களுக்கு அது ‘ஆபீஸ் நாற்காலி’.

இதில் அசல் எது? டென்மார்க்கில் ஹன்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியை 1950 முதல் இன்றுவரை கார்ல் ஹான்சன் நிறுவனம் செய்கிறது. அங்கே அசல் என்றால் அந்தப் பட்டறையிலிருந்து வந்தது, குழப்பமில்லை. சண்டிகரில் ஒரே தொழிற்சாலை கிடையாது, ஒரே கை கிடையாது, உரிமம் பெற்ற தயாரிப்பாளர் என்று அன்றைக்கு ஒருவரும் கிடையாது. ஒரு தச்சர் 1958இல் அரசு ஒப்பந்தத்துக்காக நூறு நாற்காலி செய்து, கூடவே தன் மைத்துனர் வீட்டுக்கு ஒன்று செய்து கொடுத்திருந்தால், அந்த நூற்றொன்றாவது நாற்காலி அசலா, நகலா? அதே மரம், அதே உளி, அதே வாரம். ஆனால், பின்னால் பெயின்ட் எழுத்து இல்லை. ஏலத்தில் அதற்கு மதிப்பும் இருக்காது. ஏலக்கூடம் விலை வைப்பது மரவேலைக்கு அன்று. ஓர் அரசு இருப்புப் பதிவேட்டுக்கும், அதிலிருந்து கழித்துக்கட்டிய ரசீதுக்கும்தான் அத்தனை லட்சம்.

பதிவேட்டை நம்பி ஓடும் சந்தையில் பதிவேட்டைத்தான் முதலில் பொய்யாக்குவார்கள். பழைய வீடு இடித்த தேக்கை வாங்கி நாற்காலியாக்கி, கால்நுனியைக் கறுக்கவைத்து, பின்னால் இரண்டு எழுத்து அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பெயின்டும் தகடும் யாரிடமும் இருக்கும். இந்த நாற்காலியைப் பொறுத்தவரை, பொய் சொல்லி விற்பவர்தான் குற்றவாளி. ‘இது போன வருஷம் செய்தது’ என்று சொல்லி விற்கும் பட்டறைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை.

வெளிநாட்டில் விலைபோகும் ‘அசலி’லும் எவ்வளவு அசல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013இல் ‘புராவனன்ஸ்’ என்ற படம் எடுத்தார். பணக்கார வீடுகளில் நாற்காலிகள் வீற்றிருப்பதில் தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் சண்டிகரில் அவை குவிந்துகிடக்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது படம். பட்டறைக் கட்டத்தில் பழைய மெத்தை கிழித்தெறியப்படுகிறது, மரம் தேய்த்துத் துடைக்கப்படுகிறது. புதுப் பிரம்பு, புதுத் தோல், புதுப் பாலிஷ் ஏறியபின் மிஞ்சுவது சட்டம் மட்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தின் பிரதியையே அவர் லண்டன் கிறிஸ்டீஸில் ஏலத்துக்கும் விட்டார்.

இந்த நாற்காலிகளை வெளிநாடு கொண்டுபோன வணிகர்கள் திருடினார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. எரிக் டுஷாலோம் போன்ற பாரிஸ் வணிகர்கள் வாங்கியதில் பெரும்பகுதி, அரசு அலுவலகங்களே கழிவுப் பொருள் என்று ஏலம் விட்டது. ‘ரிவால்விங் சேர்’ வந்ததும் பிரம்பு நாற்காலியை வெளியே தூக்கிப்போட்டது நாம்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களும் கதவுகளும் சாய்த்துவைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. சட்டமும் உதவவில்லை: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி இத்தகைய பொருளுக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும். சண்டிகர் நகருக்கே அந்த வயது ஆகவில்லை. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு விற்பனைக்குத் தடை போட்டது. கணக்கெடுப்பில் 12,793 பொருள்கள் பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலாயின. அதற்குப் பிறகும் அவ்வப்போது திருட்டுச் செய்தி வருகிறது. 2016இல் தலைமைச் செயலகம் உள்ள கேபிடல் வளாகம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் போட்டிருந்த நாற்காலியின் நிலை இது.

சண்டிகர் நாற்காலிக்குப் பிரதி குற்றமில்லை என்று சொல்லிவிட்டு, அதையே எல்லா நாற்காலிக்கும் நீட்டிவிட முடியாது. 1956இல் அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் வடிவமைத்து ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்ற சாய்வு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தோல் மெத்தை, வளைந்த பிளைவுட் ஓடு மூன்று, கால் நீட்ட ஒரு முக்காலி. எந்தப் பெரிய மருத்துவமனையின் வரவேற்பறையிலும் இதன் நகலைப் பார்க்கலாம். இந்த நாற்காலியின் சூட்சுமம் வரைபடத்தில் மட்டும் இல்லை. மெல்லிய மரத்தாள்களைப் பசையிட்டு அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இரு திசையில் வளைக்கும் தொழில்நுட்பம் அது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகக் கால் முறிந்தவர்களுக்குக் கட்டும் பிளைவுட் சிம்பு செய்து பழகிய கைகள் அவை. ஓட்டின் உட்புறத்தில் ரப்பர் வில்லைகள் ஒட்டி, அதில்தான் முதுகு தாங்கி நிற்கிறது. சாயும்போது அந்த ரப்பர் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். நகல் செய்பவர்கள் பலர் அந்த இடத்தில் நேராகத் திருகாணியை முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

வாங்கப் போகிறவர் காலை எண்ணினாலே பாதி விஷயம் தெரியும். அசலில் நாற்காலிக்கு அடியில் ஐந்து விரல், முக்காலிக்கு நான்கு. நகல்களில் இரண்டுக்கும் ஒரே வார்ப்பைப் போட்டுவிடுவது சாதாரணம். சாய்வை ஏற்றி இறக்கக் கைப்பிடி இருந்தால் அது நிச்சயம் நகல். அசலின் சாய்வு நிலையானது. அதற்காகப் பழைய அசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை. ஐம்பது, அறுபது ஆண்டில் அந்த ரப்பர் இறுகிப்போய், ஒட்டு விட்டு, உட்கார்ந்தவரோடு முதுகுப்பலகை பெயர்ந்து வருவது இந்த நாற்காலிக்கே உரிய நோய். மாற்றியிருக்கிறார்களா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய அசல்கள் பிரேசில் ரோஸ்வுட் மேல்தாள் ஒட்டியவை; 1992 முதல் அந்த மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். புதிய அசலுக்கு அமெரிக்க விலையே 5 லட்சம் ரூபாயைத் தாண்டும். அவ்வளவு பணம் இல்லாதவருக்கு என் யோசனை, அரைகுறை நகல் வாங்காமல் அந்த வடிவத்தையே விட்டுவிடுவது. நம்மூர்ப் பழைய தேக்குச் சாய்வு நாற்காலி, நீட்டிய கைகளோடு, பாதி விலைகூட இல்லாமல் அதைவிடச் சுகமாக முதுகைத் தாங்கும்.

ஆனால் இதே ஈம்ஸ் தம்பதி பணக்காரர்களுக்காக வேலை செய்யக் கிளம்பியவர்கள் இல்லை. 1948இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மலிவு விலை மரச்சாமான் வடிவமைப்புக்கு ஒரு சர்வதேசப் போட்டி நடத்தியது. அதற்கு அவர்கள் அனுப்பிய யோசனைதான் 1950இல் ஃபைபர் கிளாஸ் ஓட்டு நாற்காலியாக வந்தது. நல்ல வடிவம், நிறையப் பேருக்கு, குறைந்த விலையில் என்பதே நோக்கம். இன்று அதன் உரிமம் பெற்ற பதிப்பைச் சாதாரண ஆசிரியர் குடும்பம் வாங்க முடியாது. நகலைத் தேநீர்க் கடைகளும் முடிதிருத்தும் நிலையங்களும் வாங்கிப் போட்டிருக்கின்றன. ஈம்ஸ் தம்பதி ஆசைப்பட்டது எந்த நாற்காலி என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நகல் நாற்காலி ஒன்று அருங்காட்சியகத்துக்கே போன கதையும் இருக்கிறது. 1963இல் பிரிட்டிஷ் அரசை உலுக்கிய விவகாரத்தில் பேசப்பட்ட கிறிஸ்டின் கீலரை, ஒரு பிளைவுட் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்காரவைத்து லூயிஸ் மோர்லி எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. டென்மார்க்கின் ஆர்னே யாகப்சன் 1955இல் வடிவமைத்த நாற்காலி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது மலிவான நகல். முதுகில் கைவிட்டுத் தூக்க ஒரு துளை இருக்கிறது. அசலில் அது கிடையாது. அந்த நகல் இப்போது லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் நாற்காலியின் விற்பனைக்கு அந்த நகல் செய்த விளம்பரம் கொஞ்சநஞ்சமில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2016 ஜூலை வரை, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்படும் வடிவத்துக்கு 25 ஆண்டுதான் பதிப்புரிமைப் பாதுகாப்பு. அதனால் நகல் வியாபாரம் அங்கே வெளிப்படையாகக் கொழித்தது. இப்போது வடிவமைத்தவர் இறந்து 70 ஆண்டு. ரே ஈம்ஸ் இறந்தது 1988இல் என்பதால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றமும், அமெரிக்க நாற்காலி என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைக்க முடியாது என்று ஈம்ஸ் நாற்காலி வழக்கிலேயே சொல்லிவிட்டது. இந்தியாவில் நிலைமை எதிர்த்திசை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமலேயே தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். பதிவு செய்தாலும் அதிகபட்சம் 15 ஆண்டு. ஆக, 1950களின் நாற்காலி வடிவத்தைத் தன் பெயரில் செய்து விற்கும் இந்தியத் தச்சரைச் சட்டம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இந்த ஓரிடத்தில் நம் சட்டம் தச்சர் பக்கம் இருப்பது எனக்குச் சம்மதமே.

இத்தாலியின் காசினா நிறுவனம் 2019இல் ‘ஜான்னெரேக்கு அஞ்சலி’ என்ற பெயரில் சண்டிகர் நாற்காலிகளை வெளியிட்டது. பெங்களூரு பேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனமும் இந்திய மரவேலைக்காரர்களைக் கொண்டு மறுபதிப்பு செய்கிறது. இரண்டுமே புதியவை என்று சொல்லித்தான் விற்கின்றன. இவற்றுள் எது அசலுக்கு நெருக்கம் என்று கேட்டால், சண்டிகரின் வழக்கப்படியே இந்தியத் தச்சர்கள் இந்தியத் தரையில் உட்கார்ந்து செய்வதற்குத்தான் என் ஓட்டு.

வரைபடமும் தொழிற்சாலையும் ஒருபுறம் இருக்க, மரத்துண்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே முழு வடிவமும் அடங்கியிருக்கும் மரச்சாமானும் உண்டு. அதன் தொடக்கம் நமக்கு வெகு அருகில், புதுச்சேரியில். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நாகஷிமா 1937இல் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்ட வந்தார். வடிவமைத்தவர் அவருடைய முதலாளி அன்டோனின் ரேமண்ட். நாகஷிமா கட்டடத்தை மேற்பார்த்ததோடு உள்ளே போடத் தேக்கு மரச்சாமான்களும் வடிவமைத்தார். அரவிந்தர் அவருக்கு ‘சுந்தரானந்தா’ என்று பெயர் வைத்தார். 1939இல் போனவர், போர்க்காலத்தில் ஜப்பானியர் என்பதற்காக ஐடஹோ மாநில முகாமில் அடைக்கப்பட்டு, அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மூட்டு வேலை கற்று, பின்னர் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். வெடிப்பையும் கணுவையும் மறைக்காமல், பலகையின் இயல்பான ஓரத்தோடு அவர் செய்த மேசைகள் இன்று பெருவிலைக்குப் போகின்றன. 1990இல் அவர் இறந்தபின் மகள் மீரா அதே பட்டறையை நடத்துகிறார். தந்தையின் வடிவத்தில் மகள் செய்யும் மேசையை நகல் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வேறொருவர் ஒரு பலகையை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்துவிட்டு ‘நாகஷிமா ஸ்டைல்’ என்றால் அதை நாகஷிமா என்று சொல்லவும் வராது. கோல்கொண்டின் அறைகளில் இன்றும் ஆட்கள் தங்குகிறார்கள். மரச்சாமான்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஏலம் விடும் யோசனை ஆசிரமத்துக்கு வரவில்லை என்பது சண்டிகருக்குக் கிடைக்காத பாக்கியம்.

சண்டிகர் நாற்காலியின் பிரதி வாங்க நினைப்பவர் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பிரம்பைப் பார்க்கட்டும். சட்டத்தில் துளையிட்டுக் கையால் பின்னியதா, இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயை வெட்டிக் காடியில் வைத்து அடைத்ததா? பாய் என்றால் சில ஆண்டில் நடுவில் தொய்ந்து, ஓரத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நாமே ஊரில் ஆள் பிடித்துப் பின்னிக்கொள்ளவும் வழி இருக்காது. பிறகு காலைத் தட்டிப் பார்க்கட்டும். தேக்கு என்று சொல்லி ரப்பர் மரத்தில் சாயம் ஏற்றுவது சர்வசாதாரணம். காலின் அடிப்பகுதியை லேசாகச் சுரண்டச் சொன்னால் கடைக்காரரின் முகமே பதில் சொல்லிவிடும். கால் கைப்பலகையைச் சந்திக்கும் இடத்தில் மூட்டு இறக்கியிருக்கிறார்களா, திருகாணி போட்டு மேலே மரவில்லையால் மூடியிருக்கிறார்களா என்பது மூன்றாவது. இந்த மூன்றும் சரியாக இருந்து, பின்னால் பொய்யாக ஓர் அலுவலகக் குறியும் அடிக்காமல் இருந்தால், தாராளமாக வாங்கலாம். அல்லது ஊரில் நல்ல ஆசாரி ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்கலாம். கூலியும் மரமும் சேர்த்துக் கடை விலையைவிடக் கூடினாலும் நஷ்டமில்லை. ஜான்னெரே வரைபடத்தைக் கொடுத்ததும் அப்படிப்பட்ட ஒருவர் கையில்தான்.

இதில் சண்டிகர் நிர்வாகம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்த 12,793 பொருள்களையும் நான்கு பக்கமும் படமெடுத்து, குறியெண்ணோடு, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். திருட்டு நாற்காலி ஏலத்துக்கு வந்தால் அது தன்னுடையது என்று நிர்வாகம் நிரூபிக்க அந்தப் படமே சாட்சி. போலிக் குறி அடிப்பவருக்கும் அத்தோடு வேலை போகும். கூடவே, கைவசம் உள்ள வரைபடங்களையும் அளவுகளோடு வெளியிடலாம். மக்கள் வரிப்பணத்தில் வரையப்பட்டவை அவை. கும்பகோணத்திலோ கர்த்தார்பூரிலோ இருக்கும் தச்சர், இணையத்தில் கிடைக்கும் மங்கலான ஏலப் படத்தைப் பார்த்துக் காலின் சரிவை உத்தேசமாக வெட்டுவதற்குப் பதில், சரியான அளவில் வெட்டட்டும்.